பழி சாயத்தின் மேலா?

பள்ளிப்பட்டு வட்டாரத்திலே, பொதட்டூர்பேட்டைத் தறிக்கூடங்களிலே, சாயம் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நூலுக்கு நிறம் தருவது சாயம். குழந்தைக்கும் தெரியும். ஆனால் அங்கேயும், கிழக்கே கும்மிடிப்பூண்டி இரும்பாலைகளிலேயும், இப்பொழுது வேறொரு சாயத்தைப் பற்றிய பேச்சு அடிபடுகிறது. “நெஞ்சு வலி என்று போனார், ஆஞ்சியோவுக்கு டை ஏற்றினார்கள், கிட்னி போய்விட்டது!” என்பதே அந்தப் பேச்சு.

தேநீர்க் கடையில் தொடங்குகிற பேச்சு ஆலை வாசலுக்குப் போகிறது. அங்கிருந்து வீட்டுத் திண்ணைக்கு வருகிறது. முடிவில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடிக்கிற ஒரு தொழிலாளி, “எனக்கு டை வேண்டாம், வீட்டுக்கே கூட்டிப் போங்கள்” என்று மருத்துவமனையிலிருந்து திரும்பிவிடும் அளவுக்கு அது வளர்ந்துவிடுகிறது.

தோழர்களே! இந்தப் பேச்சிலே உண்மை இருக்கிறதா? இருக்கிறது. முழு உண்மையா? இல்லை. பாதி உண்மை, முழுப் பொய்யைக் காட்டிலும் கேடு செய்யவல்லது. முழுப் பொய்யை ஒருநாள் கண்டுபிடித்துவிடலாம். பாதி உண்மையோ கண்ணெதிரே ஒரு சான்றைக் காட்டியே நம்மை மயக்கிவிடும். ஆகவே, அச்சத்தையும் ஒதுக்கிவிட்டு, அலட்சியத்தையும் ஒதுக்கிவிட்டு, இதை ஆராய்ந்து பார்ப்போம்.

நிறமில்லாத சாயம்

மருத்துவமனையில் ‘டை’ என்று சொல்கிறார்களே, அதற்கு நிறமே கிடையாது. தண்ணீரைப் போலத் தெளிவாக, சற்றே பிசுபிசுப்பாக இருக்கும். அதன் உயிர்நாடி அயோடின். எக்ஸ்-ரே கதிர் சதையையும் இரத்தத்தையும் ஊடுருவிச் செல்லும். எலும்பு அதைத் தடுக்கும். எலும்பைப் போலவே அயோடினும் தடுக்கும். இரத்தக் குழாயிலே அயோடின் கலந்த நீரைச் செலுத்தினால், கண்ணுக்குத் தெரியாத குழாய் படத்திலே கோடாகத் தெரியும். எங்கே அடைப்பு, எங்கே கசிவு, எங்கே கட்டி என்று மருத்துவர் காண முடியும்.

இது வந்த வரலாறு சுவையானது. 1923-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் மேகநோய்க்காக அயோடின் உப்பு கொடுக்கப்பட்டவர்களின் சிறுநீர்ப்பை எக்ஸ்-ரே படத்திலே துலங்கித் தெரிந்தது. ஒரு நோய்க்குக் கொடுத்த மருந்து, வேறு நோய்களைக் காட்டும் விளக்காயிற்று. 1929-இல் மோசஸ் சுவிக் என்ற இளம் மருத்துவர் பெர்லினில், நரம்பு வழியே செலுத்திச் சிறுநீரகத்தைப் படமெடுக்கத் தக்க மருந்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அன்று முதல் இன்று வரை இதனால் உயிர் பிழைத்தோர் கோடிக்கணக்கானோர்.

ஒரு சி.டி. ஸ்கேனுக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர் வரை செலுத்துகிறார்கள். இதயக் குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைக்க நேர்ந்தால் இன்னும் கூடுதலாகும். உள்ளே போனது எப்படி வெளியேறுகிறது? வழி ஒன்றுதான்: சிறுநீரகம். நல்ல சிறுநீரகம் உள்ளவரின் உடலிலிருந்து இரண்டு மணி நேரத்திலே பாதி போய்விடும். ஒரு நாளுக்குள் ஏறத்தாழ முழுவதும் போய்விடும். கெட்டுப்போன சிறுநீரகமாயின் அதே வேலைக்குப் பல நாள் ஆகும்.

இங்கேதான் சிக்கல். இந்த மருந்து சிறுநீரகத்தின் உட்பகுதிக்குச் செல்லும் நுண்குழாய்களைச் சுருங்கச் செய்கிறது. அந்த உட்பகுதியோ எப்போதும் குறைந்த பிராணவாயுவைக் கொண்டே காலம் தள்ளுவது. அரை வயிற்றுக் கஞ்சியில் வாழ்கிறவனுக்கு அந்தக் கஞ்சியையும் குறைத்தால் என்னாகும்? வலிவுள்ள சிறுநீரகம் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே நலிந்த சிறுநீரகம் சில நாளைக்கு வேலை நிறுத்தம் செய்துவிடும்.

யாரைத் தாக்குகிறது?

1954-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். சிறுநீரகப் படத்துக்காக மருந்து செலுத்தியபின் அவருக்குச் சிறுநீர் இறங்குவது அடியோடு நின்றுவிட்டது. மருத்துவ உலகில் இத்தகைய கேடு பதிவானவற்றுள் முற்பட்டது இது. ஆனால் கவனியுங்கள்: அவர் உடல்நலம் உள்ள ஆளல்ல. எலும்பு மச்சையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய் அவருக்கு இருந்தது. அந்த நோய் தானாகவே சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது.

அன்று முதல் இன்று வரை கதை அதுதான். இந்த மருந்து பெரும்பாலும் தனியாக நின்று கொலை செய்வதில்லை. முன்னரே வீழ்ந்து கிடப்பவனை மிதிக்கிறது.

பழைய நாளில் பயன்பட்ட மருந்து இரத்தத்தைவிடப் பன்மடங்கு அடர்த்தியானது. 1969-இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் டார்ஸ்டன் ஆல்மென் அடர்த்தி குறைந்த மருந்துக்கு வழி கண்டார். இன்று மருத்துவமனைகளில் பெரும்பாலும் பயன்படுபவை அந்த வழியில் வந்தவைதாம். ஆகவே ஆபத்தும் குறைந்தது. 2013-இல் மேயோ மருத்துவமனையார், டை ஏற்றி ஸ்கேன் எடுத்தவர்களையும் ஏற்றாமல் எடுத்தவர்களையும் ஆயிரக்கணக்கில் ஒப்பிட்டார்கள். இரு சாராரிடமும் சிறுநீரகக் கேடு ஏறத்தாழ ஒரே அளவில்தான் காணப்பட்டது! அதாவது, நோயின் கொடுமையால் வந்த கேட்டையும் சேர்த்துச் சாயத்தின் கணக்கிலே எழுதி வந்திருக்கிறோம். 2020-இல் அமெரிக்காவின் கதிரியல் மருத்துவர் கல்லூரியும் தேசியச் சிறுநீரக அமைப்பும் கூட்டாக அறிக்கை வெளியிட்டு, இந்த ஆபத்து மிகைப்படுத்தப்பட்டது என்று கூறின. ஆனால் ஆபத்தே இல்லையென்று அவை கூறவில்லை. சிறுநீரகத்தின் வேலைத்திறன் 30-க்குக் கீழே விழுந்தவர்கள், திடீர்ச் சிறுநீரகக் கோளாறிலே சிக்கியிருப்பவர்கள் — இவர்களுக்கு எச்சரிக்கை தேவை என்றே கூறின.

வேலைத்திறன் 30 என்றால் என்ன? ஒரு நிமிடத்தில் சிறுநீரகம் எத்தனை மில்லிலிட்டர் இரத்தநீரை வடிகட்டுகிறது என்பதன் கணக்கு அது. வாலிப வயதில் நூறுக்கு மேல் இருக்கும். 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் நோய். 30-க்குக் கீழே என்றால் கடும் நோய். இதை அறிய ஒரு சிறு இரத்தப் பரிசோதனை போதும். கிரியேட்டினின் என்று அதற்குப் பெயர்.

இங்கே இன்னொரு சூது இருக்கிறது. கிரியேட்டினின் 1.8 என்று சீட்டிலே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 வயது ஆணுக்கு அது வேலைத்திறன் 51 என்று பொருள். 70 வயது மூதாட்டிக்கோ அதே 1.8, வேலைத்திறன் 30 என்று பொருள். எண் ஒன்று, பொருள் இரண்டு. “கொஞ்சம்தான் கூடியிருக்கிறது, பரவாயில்லை” என்று அந்தப் பாட்டிக்குச் சொன்னால், அது பரவாயில்லாத செய்தியல்ல. வயதையும் பாலையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கைச் சீட்டிலே எழுதித் தரவேண்டும்.

உலைவாயில் வற்றும் சிறுநீரகம்

நலிந்த சிறுநீரகம் யாருடையது? மாளிகையில் வாழ்வோருக்கு நோய் வராதா? வரும். ஆனால் அவர்கள் ஆண்டுக்கொருமுறை உடலைச் சோதித்துக்கொள்கிறார்கள். நலிவு தொடங்கும்போதே அறிந்துகொள்கிறார்கள். நம்முடைய தோழனோ, மயங்கி விழுந்த அன்றுதான் முதல் சோதனையைக் காண்கிறான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலையிலே உலையெதிரே நிற்கும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். சித்திரை வெயில் வெளியே, செந்தணல் உள்ளே. குடித்த தண்ணீரெல்லாம் வேர்வையாகப் போய்விடுகிறது. சிறுநீர் மஞ்சளாகி, பிறகு தேநீர் நிறமாகிறது. இடுப்பு வலி, தோள் வலி. மருந்துக் கடையிலே சீட்டில்லாமல் இரண்டு மாத்திரை, டைக்ளோஃபினாக்கோ ஐபுப்ரோஃபெனோ. விழுங்கினால் வலி மறைகிறது, ஷிப்ட் ஓடுகிறது. ஆனால் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு வரும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. உடலில் நீர் வற்றியிருக்கும்போது அவற்றை விழுங்குவது, வறண்ட வாய்க்காலின் மடையையும் அடைப்பதற்கு ஒப்பாகும்.

இது கற்பனை அச்சமல்ல. தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 2017 முதல் 2020 வரை 352 தொழிலாளர்களைச் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். மிகப் பெரும்பாலோர் தாங்கத்தக்க அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உழைத்தார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரக வேலைத்திறன் குறைந்திருந்தது. தமிழ்நாட்டின் வேளாண் தொழிலாளரிடையே நடத்தப்பெற்று 2025-இல் வெளிவந்த ஆய்விலே, இருபது பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்பட்டது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சர்க்கரை நோயும் இல்லை, இரத்தக் கொதிப்பும் இல்லை. பிறகு என்ன காரணம்? வெயிலும் வேர்வையும் உழைப்பும்தான் ஆய்வாளர்கள் ஐயத்தோடு நோக்கும் காரணங்களில் முன்நிற்கின்றன.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேற்பட்டோர் உழைக்கும் ஆலையில் கோடைக் காலத்தில் குளிர்ந்த குடிநீர் தரவேண்டும் என்று விதித்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த விதி ஏட்டிலே இருந்தது. எத்தனை உலைக்களங்களில் குவளையிலே இருந்தது? புதிய சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. சட்டத்தின் பெயர் மாறினாலும் உலையின் சூடு மாறவில்லை. குடிதண்ணீர் கேட்பது சலுகை கேட்பதல்ல. உறுப்பைக் காக்கக் கேட்பது.

ஆக, தறியிலும் உலையிலும் வயலிலும் இருபது ஆண்டு நலிந்த ஒரு சிறுநீரகம், சர்க்கரை நோய் இருப்பதே தெரியாத ஓர் உடம்பு, வாந்தியாலும் வேர்வையாலும் வற்றிய இரத்தம், நேற்று இரவு விழுங்கிய வலி மாத்திரை — இவ்வளவும் சேர்ந்து மருத்துவமனைக்கு வருகின்றன. அங்கே சாயம் ஏறுகிறது. மூன்றாம் நாள் சிறுநீரகம் சோர்கிறது. ஊரார் கடைசியாக வந்த சாயத்தின் மேல் பழியைப் போடுகிறார்கள். முதலில் வந்த நால்வரும் தப்பிவிடுகிறார்கள்!

விலையுயர்ந்த வித்தைகளும் விலைகுறைந்த உப்புநீரும்

தடுக்க வழி உண்டா? உண்டு. அதுவும் எளியது. மருத்துவ உலகம் முப்பது ஆண்டுகளாக இதற்கு அரும் மருந்து தேடி அலைந்திருக்கிறது. அலைந்து கண்டது என்ன?

1994-இல் அமெரிக்காவில் 78 நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. அவர்களெல்லாம் முன்னரே சிறுநீரகம் நலிந்தவர்கள். ஒரு பகுதியினருக்கு உப்புநீர் மட்டும் ஏற்றினார்கள். மற்றொரு பகுதியினருக்கு உப்புநீரோடு மானிட்டால். இன்னொரு பகுதியினருக்கு உப்புநீரோடு சிறுநீரை விரட்டும் ஃப்யூரோசமைடு. உப்புநீர் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 11 பேருக்குக் கேடு வந்தது. மானிட்டால் பெற்றவர்களில் 28. ஃப்யூரோசமைடு பெற்றவர்களில் 40! கூடுதல் மருந்து கூடுதல் நன்மை செய்யவில்லை. கூடுதல் தீமையே செய்தது.

பிறகு அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்து புகழ் பெற்றது. சோடா உப்பு கலந்த நீரும் புகழ் பெற்றது. 2018-இல் ஏறத்தாழ 5,000 சிறுநீரக நோயாளிகளை வைத்து நடந்த பெருஞ்சோதனை இரண்டின் புகழையும் முடித்துவைத்தது. அசிட்டைல்சிஸ்டீனால் பயனில்லை, சோடா உப்பு நீர் சாதாரண உப்புநீரைவிட மேலானதல்ல.

அப்படியானால் நின்றது எது? ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு. நம் ஊரிலே எதை ஏற்றினாலும் “குளுக்கோஸ் ஏற்றினார்கள்” என்று சொல்வோமே, அந்தப் புட்டிகளில் பலவற்றில் இருப்பது இந்த உப்புநீர்தான். எந்தத் தாலுகா மருத்துவமனையிலும் கிடைக்கக்கூடியது. பணக்காரனுக்கென்று ஒரு மருந்து, ஏழைக்கென்று ஒரு மருந்து என்ற வேறுபாடு இங்கே இல்லை. ஏழைக்கு எட்டுவதே இங்கே சிறந்த மருந்து.

எல்லோருக்கும் அதை ஏற்ற வேண்டுமா? வேண்டாம். 2017-இல் நெதர்லாந்தில் 660 பேரிடம் நடந்த சோதனையில், வேலைத்திறன் 30-க்கும் 59-க்கும் இடையில் இருந்தவர்களுக்கு உப்புநீர் ஏற்றாமல் விட்டாலும் கேடு கூடவில்லை. 30-க்குக் கீழே உள்ளவர்களுக்கே அது முதன்மையாகத் தேவை. இதயத்தின் வழியாகத் தமனியிலே செலுத்தும்போது ஐரோப்பிய மருத்துவர்கள் 45-க்குக் கீழேயே எச்சரிக்கை கொள்கிறார்கள். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்தவருக்குப் புட்டி புட்டியாக ஏற்றினால் மூச்சு முட்டும். ஆகவே அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். “எனக்கும் ஒரு பாட்டில் போடுங்கள்” என்று சண்டை பிடிப்பது அறிவுடைமையாகாது.

இன்னும் சில எளிய காப்புகள் உண்டு. தேவையான அளவுக்கு மேல் ஒரு சொட்டும் செலுத்தாதிருத்தல். அவசரமில்லையெனில் ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் இரண்டு நாளாவது இடைவெளி விடுதல். வலி மாத்திரையை முன்கூட்டியே நிறுத்துதல். சாயமின்றியே காணக்கூடியதைச் சாயமின்றிக் காணல்: சிறுநீர்க் கல்லைக் காணச் சாயமில்லாத ஸ்கேன் போதும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் விழுங்குவோர் அதை மறவாமல் சொல்லவேண்டும். அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் சிறுநீரகம் சோர்ந்துவிட்டால் அது உடலில் தேங்கி இரத்தத்தைப் புளிக்கச் செய்துவிடும். ஆகவே சிறுநீரகம் மிகவும் நலிந்தவர்களுக்கு இரண்டு நாள் நிறுத்தி, சோதித்துப் பார்த்துவிட்டு மீண்டும் தருவார்கள்.

ஆனால் ஒன்று. மாரடைப்பு என்று வந்துவிட்டால், வயிற்றில் அடிபட்டு உள்ளே இரத்தம் கசிகிறது என்று ஐயம் வந்துவிட்டால், அங்கே காத்திருக்க நேரமில்லை. நிமிடத்துக்கு நிமிடம் இதயத் தசை மடிகிறது. சிறுநீரகத்துக்கு வரும் கேடு பெரும்பாலும் மீளக்கூடியது; மடிந்த இதயத் தசை மீளாது. அந்த நேரத்திலே “டை வேண்டாம்” என்று கூறுவது, கூரைக்குக் கேடு வருமென்று தீயணைக்க மறுப்பதைப் போன்றது.

மூன்றாம் நாள்

கேடு வந்துவிட்டால்? அதற்கு மாற்று மருந்து இல்லை. ஆனால் மருத்துவம் உண்டு. கிரியேட்டினின் இரண்டு நாளுக்குள் 0.3 உயர்ந்தாலோ, ஒரு வாரத்துக்குள் முன்னிருந்ததைப் போல ஒன்றரை மடங்கு ஆனாலோ, கேடு தொடங்கிவிட்டது என்று பொருள். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போகும், பிறகு இறங்கும். ஓரிரு வாரத்தில் பழைய நிலைக்கு வருவோரே மிகுதி. அதுவரை சிறுநீரகத்துக்குப் புது அடி விழாமல் காப்பதுதான் மருத்துவம். வலி மாத்திரை கூடாது. சிறுநீரகத்தைத் தாக்கும் வேறு மருந்துகளை நிறுத்த வேண்டும் அல்லது அளவைக் குறைக்க வேண்டும். உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் சிறுநீரையும் அளக்க வேண்டும். இரத்தத்திலே பொட்டாசியம் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். பொட்டாசியம் மிகுந்தாலோ, மூச்சு முட்ட நீர் கோத்தாலோ, இரத்தம் புளித்துப்போனாலோ டயாலிசிஸ் தேவைப்படும். அது ஒரு சிலருக்கே. அவர்களிலும் பலருக்குச் சில தடவைகளோடு அது நின்றுவிடும். ஆகவே டயாலிசிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் ஆயுள் தண்டனை என்று இடிந்துபோக வேண்டாம்.

இங்கே நம் வீட்டார் அன்பினாலே செய்யும் தவறு ஒன்று உண்டு. “உடம்பு சூடாகிவிட்டது, கிட்னியைக் குளிர்விக்கும்” என்று இளநீரை வெட்டி வெட்டிக் கொடுப்பார்கள். நல்ல உடம்புக்கு இளநீர் நல்லதுதான். சிறுநீரகம் சோர்ந்த உடம்புக்கு அதிலுள்ள பொட்டாசியம் நஞ்சாகி இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். அதுபோலவே “கிட்னியைச் சுத்தம் செய்யும்” என்று விற்கப்படும் பெயர் தெரியாத பொடியும் லேகியமும் வேண்டாம்.

உழைப்பாளிக்குப் பெருந்தீங்கு விளைப்பது மூன்றாம் நாள்தான். சென்னையிலோ வேலூரிலோ ஆஞ்சியோ முடிகிறது. மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பஸ் ஏறிப் பள்ளிப்பட்டு வந்துசேர்கிறார். ஊசி குத்திய இடம் வலிக்கிறது. வலி மாத்திரை விழுங்குகிறார். ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது, தறிக்குப் போகிறார். சிறுநீரகம் சோர்வதற்குப் பெரும்பாலும் வலி கிடையாது, அறிகுறியும் கிடையாது. கால் வீங்கி, சிறுநீர் குறைந்து, வாந்தி வந்து, மூச்சிரைக்கும்போதுதான் தெரிகிறது. அதற்குள் பத்து நாள் ஓடிவிடுகிறது. நலிந்த சிறுநீரகம் உள்ளவருக்கு மூன்றாம் நாள் ஒரு சோதனை செய்திருந்தால்? அந்த மாத்திரையை நிறுத்தியிருக்கலாம். அந்த உறுப்பைக் காத்திருக்கலாம். அந்த ஒரு சோதனைக்காக மீண்டும் சென்னைக்கு ஓட வேண்டுமா? உள்ளூர் அரசு மருத்துவமனையிலேயே அது நடக்க வேண்டும். முடிவு பெரிய மருத்துவமனைக்குத் தெரிய வேண்டும்.

நம்மால் ஆகுமா?

“இதெல்லாம் பெரிய நாட்டுக்காரர்களுக்கு ஆகும், நமக்கு ஆகுமா?” என்று கேட்பாருக்கு விடை சென்னையின் அருகிலேயே இருக்கிறது. சிறுநீரக மருத்துவர் எம்.கே.மணியும் அவருடைய கிட்னி ஹெல்ப் டிரஸ்டும் 1990-களின் பிற்பகுதியில் சென்னைக்கு அருகிலுள்ள சிற்றூர்களில் 25,000 மக்களிடையே வேலை தொடங்கினார்கள். ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் வீடு வீடாகச் சென்று சில கேள்விகள் கேட்டார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள், இரத்த அழுத்தம் பார்த்தார்கள். நோய் கண்டவர்களுக்கு மலிவான பழைய மருந்துகளையே கொடுத்தார்கள். தலைக்கு ஆன செலவு மிக மிகச் சொற்பம். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் கட்டுக்குள் வந்தன. 2003-இல் அந்த அனுபவம் உலகச் சிறுநீரக மருத்துவ ஏட்டிலே வெளியாயிற்று. கோடிகளைக் கொட்டி அல்ல, கால்நடையாக நடந்து செய்த வேலை அது.

தமிழ்நாட்டு அரசு 2023-இல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்த்துச் சிறுநீரக நோயை முன்னரே கண்டறியும் திட்டத்தைத் தொடங்கியது. 2024-இல் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்று, வேலை செய்யும் இடத்திலேயே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் திட்டம் வந்தது. திருவள்ளூரிலே அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டது. இவை நல்ல தொடக்கங்கள். இவை ஆலை வாசலில் ஒன்றுசேர வேண்டும். உலைமுன் நிற்பவர், தறியில் நிற்பவர், நாற்பது வயது கடந்தவர், சர்க்கரை உள்ளவர் — ஒவ்வொருவரும் ஆண்டுக்கொருமுறை கிரியேட்டினினும் சிறுநீர்ப் புரதமும் பார்த்துக்கொள்ளும் நிலை வரவேண்டும். அந்த எண் அவர் சட்டைப் பையிலே ஒரு சீட்டாக இருக்க வேண்டும்.

மருத்துவமனையிலே ஒரு தாளை நீட்டி, “அண்ணே, இதில் கையெழுத்துப் போடுங்க” என்கிறார் செவிலியர். நம் தோழர் படிக்காமலே போடுகிறார். வடமாநிலத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வந்திருக்கும் தொழிலாளியோ, படிக்க விரும்பினாலும் மொழி தெரியாமல் கைநாட்டு வைக்கிறார். அந்தத் தாளைக் கையில் வாங்கியதும் கேளுங்கள்: “சிஸ்டர், என் கிரியேட்டினின் எவ்வளவு? கிட்னி எத்தனை சதவீதம் வேலை செய்கிறது? நான் வலி மாத்திரை சாப்பிடுகிறேன், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறேன், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திரும்ப எந்தத் தேதியில் இரத்தம் பார்க்க வேண்டும்?” இப்படிக் கேட்பது எதிர்த்துப் பேசுவதாகாது. நூறு நோயாளிகளுக்கிடையே ஓடிக்கொண்டிருக்கும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் அது உதவியே ஆகும். அந்த எண் அந்தத் தாளிலேயே அச்சாகியிருக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை.

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவரொட்டி ஒட்டும் கைகளுக்கு இந்த வேலை பெரிதல்ல. படிப்பகத்துப் பலகையிலே எழுதி வையுங்கள்: வலி மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்காதே, ஆண்டுக்கொருமுறை கிரியேட்டினின் பார், சாயம் ஏற்றுமுன் எண்ணைக் கேள், சிறுநீரகம் நலிந்திருந்தால் மூன்றாம் நாள் இரத்தம் சோதி. அடுத்த கிளைக் கூட்டத்தில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். வடவர் தங்கியிருக்கும் கொட்டகைக்கும் போய், இந்தி அறிந்த ஒரு தோழரைக் கொண்டு எடுத்துச் சொல்லுங்கள். அவருடைய சிறுநீரகமும் உழைப்பாளியின் சிறுநீரகந்தான். ஆலையிலே குடிநீர் எட்டும் தொலைவில் இருக்கிறதா, வெயில் நேரத்தில் ஓய்வு உண்டா என்று தொழிற்சங்கத் தோழர்கள் கணக்கெடுக்கட்டும், இல்லையென்றால் கேட்கட்டும்.

1960 ஏப்ரல் முதல் நாள், திருத்தணியோடு பள்ளிப்பட்டும் தமிழ்நாட்டோடு இணைந்தது. எல்லையிலிருக்கும் ஊர் என்பதற்காக எல்லாவற்றுக்கும் கடைசியில் நிற்க வேண்டும் என்று விதியில்லை. இரத்தம் சோதிக்க ஒரு கருவி, உப்புநீர் ஒரு புட்டி, மூன்றாம் நாளைக்கு ஒரு தேதி — இம்மூன்றும் பள்ளிப்பட்டிலே கிடைக்க வேண்டும் என்று கேட்போம். கிடைக்கும் வரை கேட்போம்.